மாலை போட்ட சுவிட்ச்

போன மாதம் செனாவாங் மின்பணிப் பயிற்சி அறையில் உங்கள் முன்னால் நான் பேசி முடித்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஷர்மிளா கையைத் தூக்கினாள். "அங்கிள், இப்பதான் எல்லாமே ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சே. ஓவர்லோடு ஆனா அதுவே கட் ஆவுது, லீக் ஆனா அதுவே கட் ஆவுது. அப்புறம் எதுக்கு மெயின் சுவிட்சுல அந்தப் பழைய இரும்புக் கைப்பிடி? சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது லா!" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வகுப்பு எடுப்பவர் கதவருகே வந்து நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால், ஏதோ பாதி பதில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ராசாவில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "அட மடையா, அந்த வாழை மரத்துக் கதையைச் சொல்லியிருக்கலாமே" என்று எனக்கு நானே புலம்பிக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கை அம்மாள் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்டது ஷர்மிளா என்றாலும் பதில் உங்கள் எல்லோருக்கும். என் பெயர் சவரிமுத்து. நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சார்ஜ்மேனாக இருந்தேன். அதாவது, ஆலையில் ஓடுகிற மின்சாரத்துக்கெல்லாம், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் கூப்பிடப்படுகிற ஆள். நல்லது நடந்து யாரும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் என்ன வேலை அது! காலையில் ஒவ்வொரு மோட்டாராக உறுமி எழும்போது எனக்கு வயிற்றுக்குள் ஒரு குதிப்பு வரும். முதல் நாள் வந்தது, ரிட்டையர் ஆன அன்றும் வந்தது. இப்போது உங்களைப் பார்க்கும்போதும் லேசாக வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டோமேட்டிக் சாதனங்களுக்கு எதிரி இல்லை. மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற அந்தச் சின்னப் பெட்டி, நீங்கள் ஈ.எல்.சி.பி. என்பீர்கள், அதற்காக நான் தோட்டத்து வீடுகளில் சண்டையே போட்டிருக்கிறேன். மழை பிடித்தால் அது விழும். "சார்ஜ்மேன், அந்தச் சனியனைக் கழட்டிப் போடுங்க, டிவி பாக்க முடியல" என்று வீட்டுக்கு வீடு கத்துவார்கள். கழற்ற மாட்டேன் என்று நின்றேன். அதே மழைக்காலத்தில் ஒரு வீட்டில், துணி துவைக்கும் மெஷினில் ஈரக் கையை வைத்த பெண்மணிக்குச் சுருக்கென்று ஒரு கடி மட்டும்தான் பட்டது. அதே நொடியில் வீடு இருண்டுவிட்டது. அந்த வேகத்தில் எந்த மனுஷன் ஓடிப்போய்க் கைப்பிடியை இறக்குவான்? இன்றும் என் வீட்டில் மாதம் ஒரு தடவை அந்தப் பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். என் மனைவி பாதிச் சமையலில் மைக்ரோவேவ் நின்றுபோனதற்காக என்னைத் திட்டுவாள்.

அப்படியென்றால் கைப்பிடி எதற்கு? அதற்கு ராமையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராமையா எங்கள் ஆலையில் குலை இறக்கும் மேட்டுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. லாரிகளில் வரும் செம்பனைக் குலைகள் அவன் கண் முன்னால்தான் கன்வேயரின் வாயில் விழும். என் வயதுதான் அவனுக்கும். பேச்சில் பாதி அதட்டலாகவும் பாதி சிரிப்பாகவும் இருக்கும்; எது எந்தப் பாதி என்று புது ஆட்களுக்குப் புரிய ஆறு மாதமாகும். அவன் மனைவி லெட்சுமி அதே மேட்டில் குலைகளைத் தரம் பார்க்கிறவள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், வீட்டில் நல்ல கறி வைத்தால் ஒரு டப்பா எனக்கும் வரும்.

ஆலையில் ஆயுத பூசையை முன்னின்று நடத்துவதும் ராமையாதான். இரண்டு நாள் ஆலையை நிறுத்திக் கழுவித் துடைப்போம். மின்சாரப் பெட்டிகளையெல்லாம் திறந்து தூசு தட்டுவோம். கன்வேயரின் வாயில் இரண்டு பக்கமும் அவன் வாழை மரம் கட்டுவான். ஆனால் பூசையில் முக்கியமான ஆள் யார் தெரியுமா? குலை கன்வேயரின் மெயின் சுவிட்ச்! தூணில் பதித்த இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி. மேலே தூக்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகும், கீழே இறக்கினால் போகாது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த படிப்பு. அந்தக் கைப்பிடிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டு, ராமையா என்னைப் பார்த்து, "தூக்கு சவரி!" என்று ஒரு சத்தம் போடுவான். வருடா வருடம் தூக்குகிறவன் நான்தான்.

நான் ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசையில் வாசகம் படிக்கிற கிறிஸ்தவன். இது ராமையாவுக்குத் தெரியாதா என்ன? "கரண்டுக்காரன் கைதான் ராசி, நீ தூக்கு லா" என்று முதல் வருடமே முடிவு கட்டிவிட்டான். எங்கள் பாதிரியாரிடம் ஒரு தடவை தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொங்கல் தருவாங்களா?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்று தூக்கிய கைப்பிடியைப் பொழுது சாயும்வரை இறக்கக் கூடாது. சாயங்காலம் ராமையா வந்து மாலையைக் கழற்றின பிறகுதான் யாரும் தொடலாம். நடுவில் இறக்கினால் அந்த வருடம் ஆலை ரத்தம் பார்க்கும் என்பார்கள். முதலில் யார் சொன்னது என்று தெரியாது. ராமையா நம்பினான், லெட்சுமி அவனைவிட அதிகமாக நம்பினாள். உண்மையைச் சொன்னால், வாசகம் படிக்கிற நானும் கொஞ்சம் நம்பினேன்.

நான் ரிட்டையர் ஆக நான்கு வருடம் இருந்தபோது வந்த பூசை அது. அந்தச் சமயம் குலை கன்வேயர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் திணறினால் சூடேறி அதை நிறுத்திவிடுகிற ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கிறதே, அது வாரத்தில் மூன்று நாள் விழும். விழுந்தால் நான் போய், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் பெட்டியைத் திறந்து அதன் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். நான் டீ கிளாசைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து எப்படித்தான் விழுமோ! பூசைக்கு முன்தினம் பெட்டியைத் திறந்து தூசு தட்டும்போது, அந்த ரிலேயின் முகத்தில் இருக்கும் நீலத் திருகு கண்ணில் பட்டது. உங்களுக்குத் தெரியும் அது. ஒரு பக்கம் வைத்தால், விழுந்தது விழுந்ததுதான், ஆள் வந்துதான் எழுப்ப வேண்டும். மறுபக்கம் திருப்பி வைத்தால், சூடு ஆறியதும் ரிலே தானாகவே எழுந்துகொள்ளும். அந்தக் கன்வேயரை ஓட்டும் சுவிட்சோ மேலே ஆபரேட்டர் மேடையில் இருந்தது. அதை ஒரு தடவை 'ஓடு' பக்கம் திருப்பினால் அப்படியே நிற்கிற வகை. ஆக, ரிலே எழுந்தால் மோட்டாரும் எழுந்துவிடும்.

திருப்பிவிட்டேன்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! என்னமோ நானே புது மெஷின் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இனிமேல் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை மோட்டார் நின்று தானாக ஓடும்போது ராமையா வாயைப் பிளப்பான், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். எச்சரிக்கையாகப் பெட்டிமேல் ஒரு தாள் கூட ஒட்டவில்லை. சந்தனம் தடவுகிற இடத்தில் தாள் எதற்கு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூசை. பளிச்சென்று வெயில். ஆலை முழுக்கச் சாம்பிராணி வாசம். எல்லோரும் குளித்து, புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். நேபாள ஆட்களும் வங்காளதேச ஆட்களும்கூட நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராமையா வெள்ளை வேட்டியில், கையில் தட்டோடு, வேறு ஆளாகத் தெரிந்தான். கற்பூரம் காட்டினான். "தூக்கு சவரி!" என்றான். நான் தூக்கினேன். மேலே ஆபரேட்டர் சுவிட்சைத் திருப்பினார். கன்வேயர் சங்கிலி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கை தட்டினோம். முதல் குலைகள் உருண்டு விழுந்தன. ஆபரேட்டரும் இறங்கி வந்துவிட்டார், லெட்சுமி பொங்கலைக் கிளறிப் பரிமாற ஆரம்பித்தாள்.

நான் பொங்கலை வாங்கிக்கொண்டு தூணிலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். இரண்டாவது வாய் வைத்திருப்பேன், கன்வேயரின் சத்தம் மாறியது. கடகடவென்று போய்க்கொண்டிருந்தது ஙொய்யென்று இழுத்து முனகியது. திரும்பிப் பார்த்தால், இடது பக்க வாழை மரத்தைக் காணோம்! ஓட்டத்தின் அதிர்வில் கட்டு நழுவி, மரம் அப்படியே கன்வேயர் வாய்க்குள் சாய்ந்திருந்தது. மரத்தைக் கட்டியிருந்த நைலான் கயிறு சங்கிலிப் பல்லில் சுற்றி, மேலே விழுந்த குலைகளையும் சேர்த்து இறுக்கிவிட்டது. மோட்டார் இரண்டு மூச்சு திணறியது. பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

ரிலே விழுந்துவிட்டது, நல்லது, மோட்டார் பிழைத்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்ததாக, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், "இப்போ பாரு, தானா எழுந்திரிக்கும், எல்லார் முன்னாலயும்!" என்று உள்ளுக்குள் ஒரு குஷி. வாயில் பொங்கலோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது லெட்சுமியின் குரல் கேட்டது. "இருங்க, வேட்டியோட இறங்காதீங்க, அழுக்காயிடும்!"

யாரைச் சொல்கிறாள் என்று பார்த்தேன். கன்வேயரின் விளிம்பில் இரண்டு கைகள் தெரிந்து மறைந்தன. ராமையா! பூசை நாளில் அவன் கட்டின மரமே மெஷினை நிறுத்திவிட்டது. அவனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டி, பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே குதித்துவிட்டான். மோட்டார் நின்றுவிட்டது என்பது அவன் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்த விஷயம். இத்தனை வருடமாக அந்தக் கன்வேயர் நின்றால் நான் வராமல் ஓடினதே இல்லை. நான் பத்தடியில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

அவன் நின்றது இரும்புத் தகடுகள் வரிசையாகக் கோத்த சங்கிலியின் மேல். கயிறு அறுந்து, மோட்டாரும் எழுந்துகொண்டால், அடுத்த நொடியில் அது டன் கணக்கில் குலையை இழுத்துக்கொண்டு மேலே ஏறும். அவனும் குலைகளோடு போவான்.

பொங்கல் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. "ராமையா, வெளிய வா! ஓடி வந்துடு!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து, "இரு லா, ரெண்டு வெட்டுதான் பாக்கி!" என்று பதில் வந்தது. தொடர்ந்து பாராங்கின் சத்தம். சதக், சதக்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ரிலே ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம். அதில் எவ்வளவு போய்விட்டது என்பதும் தெரியாது. அந்தக் கன்வேயருக்கு அவசரமாக நிறுத்தும் கயிறு அப்போது கிடையாது. எனக்கு இருந்தது இரண்டு வழி. பத்தடியில் மெயின் சுவிட்ச் கைப்பிடி. இருபது படி ஏறினால், மேடையில் ஓட்டும் சுவிட்ச். நான் எதை நோக்கி ஓடியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

கைப்பிடிக்குத்தான் ஓடினேன். கையையும் நீட்டினேன். சாமந்தி மாலை விரலில் பட்டது, சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. கை நின்றுவிட்டது. பொழுது சாயும் முன்னால் இறக்கினால் ரத்தம் பார்க்கும். இறக்கப்போகிறவன் யார்? சவரிமுத்து. நாளைக்கு ஆலையில் யாருக்குச் சுண்டுவிரலில் அடிபட்டாலும், அந்த வேதக்காரன் பூசையைக் கெடுத்தான் என்று பேச்சு வரும். ராமையா வாய்விட்டுச் சொல்ல மாட்டான், ஆனால் லெட்சுமியின் கண்ணை நான் எப்படிப் பார்ப்பது? இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மண்டையில் ஓடியது. கையை எடுத்துவிட்டு, நான் படிக்கட்டைப் பார்த்து ஓடினேன்!

ஆமாம். அங்கே உள்ளே என் நண்பன் சங்கிலிமேல் நிற்கிறான். எனக்கோ ஒரு பூமாலையைத் தாண்ட மனம் வரவில்லை. மேலே போய் அந்தச் சின்ன சுவிட்சை நாசூக்காகத் திருப்பிவிட்டால் யார் மனமும் புண்படாது என்று கணக்குப் போட்டேன். மூன்று படி ஏறியிருப்பேன். கன்வேயரில் பட்டென்று ஒரு சத்தம். கயிறு அறுந்துவிட்டது. உள்ளேயிருந்து ராமையா, "ஆச்சு லா, வந்துடுச்சு!" என்று சந்தோஷமாகக் கூவினான்.

அந்தக் கூவல்தான் என்னைத் திருப்பியது. மூன்று படியையும் ஒரே தாவலில் இறங்கி, தூணில் மோதி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். மாலை அறுந்து சிதறியது. கற்பூரத் தட்டு கவிழ்ந்து உருண்டது. கைப்பிடி கீழே வந்து இடித்து நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லெட்சுமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னாண்ணே இது? நல்ல நாளும் அதுவுமா, நீங்களே ஏத்திட்டு நீங்களே இறக்கிட்டீங்களே! உங்களுக்கு என்னா பைத்தியமா?" கைப்பிடிமேல் தொங்கிக்கொண்டு நின்றேன்.

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பக்கத்துப் பெட்டிக்குள் டமார் என்று ஒரு அடி!

உங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கிற கான்டாக்டர் இழுத்துக்கொள்ளும் சத்தம். ரிலே ஆறி எழுந்துவிட்டது. மேலே சுவிட்ச் 'ஓடு' பக்கமே இருந்தது. அந்தச் சுவிட்சிலிருந்து கான்டாக்டருக்கு வரும் கட்டளை வயருக்கு மின்சாரம் வேறு பெட்டியிலிருந்து வந்தது. அதனால் நான் கைப்பிடியை இறக்கியது கான்டாக்டருக்குத் தெரியாது. சொன்ன வேலையை அது தவறாமல் செய்தது. மோட்டார் மட்டும் ஓடவில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் என் கையின் கீழே வெட்டுப்பட்டுக் கிடந்தது.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் மேட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அது கேட்டால் அடுத்த நொடியில் சங்கிலி நகரும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள். லெட்சுமி பெட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கன்வேயரைப் பார்த்தாள். அதே நேரத்தில் ராமையா வாழைத் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விளிம்பில் தலையைத் தூக்கினான். "என்னா லா, எல்லாரும் சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றான். லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழாதான். விஷயம் புரிந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆபரேட்டர் என் முதுகில் அடித்தார். நேபாளக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ராமையா கீழே குனிந்து, அறுந்த மாலையைப் பொறுக்கி முடிச்சுப் போட்டு, என் கழுத்தில் போட்டான். லெட்சுமி அழுதுகொண்டே என் கையில் புதுசாகப் பொங்கல் வைத்தாள். "நீங்க இல்லன்னா இன்னிக்கி நான் என்னாண்ணே ஆவேன்!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டல் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைத்ததில்லை. அந்த நீலத் திருகைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டியைத் திறந்தால் இரண்டு விநாடியில் பழையபடி திருப்பிவிடலாம். ரிலே பழசு, தானாக எழுந்துவிட்டது என்று சொன்னால் ஆலையே நம்பும். நான் அப்படி யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே யோசித்தேன். கழுத்தில் மாலை, கையில் பொங்கல், எதிரே ராமையாவின் முகம். அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் பண்ணேன்" என்றேன்.

"நீதான் பண்ணே, தெரியும் லா" என்று சிரித்தான்.

"அது இல்ல ராமையா. மோட்டார் தானா எழுந்திரிக்கிற மாதிரி நான்தான் திருகை மாத்தி வச்சேன். நேத்து. யார்கிட்டயும் சொல்லல. டீ குடிக்கிறப்ப கூப்பிடக் கூடாதுன்னு மாத்தினேன். நீ உள்ள இறங்கினப்ப எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் மொதல்ல கைப்பிடியை இறக்கல. மாலையைப் பாத்துட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன்."

ராமையாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. லெட்சுமிதான் கிட்டே வந்தாள். "மாலையைக் கழட்டுங்கண்ணே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு போய் வாழை மரத்தின் துண்டுகளோடு வைத்தாள். என் கையிலிருந்த பொங்கலை என்ன செய்வது என்று தெரியாமல் நெடுநேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வர வேண்டியதுதான். திருகைப் பழையபடி வைத்தேன். கன்வேயருக்கு அவசரக் கயிறு போட்டோம். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினோம். கைப்பிடியை இறக்கி, அவரவர் பூட்டைப் போட்டு, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதை நானே ஒவ்வொரு ஷிப்டாக வகுப்பு எடுத்தேன். ராமையா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டான், கையெழுத்துப் போட்டான், எழுந்து போனான். அந்த வருடம் முழுக்க அவன் என்னை சவரி என்று கூப்பிடவே இல்லை. "சார்ஜ்மேன், ரெண்டாம் நம்பர் பம்பு ரோசாக், ஓடல." "சார்ஜ்மேன், மேட்டுல லைட்டு எரியல." அவ்வளவுதான் பேச்சு. கறி டப்பாவும் வரவில்லை.

ஷர்மிளா, நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அன்றைக்கு அந்த ரிலே தன் வேலையில் ஒரு பிழையும் செய்யவில்லை. மோட்டார் எரியாமல் காப்பாற்றுவது அதன் வேலை, காப்பாற்றியது. ராமையா உள்ளே இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? கசிவையும் சூட்டையும் அது நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். அதனால் அதை ஒருநாளும் கழற்றாதே, விழாமல் கட்டி வைக்காதே, ஏமாற்றாதே. ஆனால் ஒரு மனுஷன் உள்ளே கால் வைக்கப்போகிறான் என்றால், அதுவாக நின்ற மெஷினை நம்பாதே. நீயாக இறக்கு, நீயாகப் பூட்டு. இடத்தை அடைக்கிறதே என்று நீ சொன்ன அந்தக் கைப்பிடி அதற்காகத்தான் அங்கே நிற்கிறது. அதைத் தொடத் தயக்கம் வருகிற மாதிரி அதன்மேல் எதையும் போடாதே. மாலையாக இருந்தாலும் சரி, மேனேஜரின் அவசரமாக இருந்தாலும் சரி.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. எனக்குப் போக மனமில்லை. என் பட்டறையில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளை வேட்டி, கையில் தட்டு.

"உன் பூட்டு எங்க?" என்றான் ராமையா.

எடுத்துக் காட்டினேன். வாங்கி, அதற்குச் சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான். "வா" என்றான்.

மேட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வாழை மரங்களைக் கன்வேயரிலிருந்து நன்றாகத் தள்ளி, இரும்புத் தூண்களில் கட்டியிருந்தான். மெயின் சுவிட்ச் கைப்பிடி கீழே இருந்தது. மாலை அதில் இல்லை. மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. "பூட்டு" என்றான். பூட்டினேன். "சாவி யார்கிட்ட இருக்கணும்?"

"உள்ள போறவன்கிட்ட."

"அப்ப நீ வச்சிக்க. உள்ள இறங்கு."

"எங்க?"

"நான் நின்ன எடத்துல."

லெட்சுமியைப் பார்த்தேன். அவள் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். நான் விளிம்பைப் பிடித்து இறங்கினேன். சங்கிலித் தகடுகள் காலுக்குக் கீழே வழுக்கின. இரண்டு பக்கமும் இரும்புச் சுவர் என் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. ராமையா தூணுக்குப் போய், பூட்டுப் போட்ட கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பூட்டு இரும்பில் இடித்தது. மறுபடி பலமாகத் தூக்கிப் பார்த்தான். மறுபடி இடித்தது.

"சவரி!" என்று கூப்பிட்டான். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "எப்படி லா இருக்கு உள்ள?"

பூட்டை என் கையால் பூட்டியிருந்தேன். அந்த மோட்டார் ஓட வழியே இல்லை என்பது ஆலையில் யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் என் கை சட்டைப் பைக்குள் சாவியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. போன வருடம் இதே தகட்டின் மேல் நின்ற ராமையாவின் பையில் ஒன்றுமே இல்லை.

"பயமா இருக்கு லா" என்றேன்.

"சரி, வெளிய வா" என்றான். "பொங்கல் ஆறுது."